எல்லைக் கம்பத்தின் இரு பக்கமும்

03.10.94, திங்கள். ஹரோ.

தூறல். இவ்வாண்டில் முதல் தடவையாக வீட்டு ஹீட்டரைப் போட்டோம். அது தும்முகிறது. ஆள் கூப்பிட வேண்டும்.

இராசையா தில்லைநாதன் ஆகிய நான், வயது ஐம்பது, அருங்காட்சியகமொன்றில் இரவற் பொருட்களின் பதிவாளர், இக்குறிப்புகளை எனக்காக மட்டும் எழுதத் தொடங்குகிறேன். நோக்கம்: இம்மாதம் என் கையில் இரண்டு பேச்சுவார்த்தைகள். ஒன்று அலுவலகத்தில், மற்றது குடும்பத்தில். யார், எதை, எந்தச் சொல்லால் சொன்னார் என்பது பற்றிப் பின்னர் எனக்கே என்னோடு தர்க்கம் வரக்கூடாது.

அலுவலகம். புதிய கண்காட்சி. பொருள்: போர் முடிந்த பின் ஒட்டோமான் சுல்தானும் ஹப்ஸ்பர்க் சக்கரவர்த்தியும் ஒருவருக்கொருவர் பெருந்தூதரை அனுப்பிக்கொண்ட வரலாறு. ஒரு தூதரின் உருவப்படம் வியன்னாவிலிருந்து வருகிறது. மற்றத் தூதரின் படம் இஸ்தான்புல்லிலிருந்து. ஒவ்வொரு படத்தோடும் ஓர் அதிகாரி கூடவே வருவார். அது சுவரில் ஏறும்வரை கண்ணை எடுக்கமாட்டார். இரவற் பொருட்களின் விதி அது. நல்ல விதி.

குடும்பம். தங்கை சரோவின் மகள் ஆரணிக்கு அடுத்த மாதம் கலியாணம். சரோ டூட்டிங்கில் இருக்கிறாள். நதிக்கு வடக்கே நாங்கள், தெற்கே அவர்கள். ஆறு வருடமாகப் போக்குவரத்து இல்லை. சனிக்கிழமைகளில் என் மனைவி தவமணியோடு மட்டும் தொலைபேசியில் பேசுவாள். கலியாணத்தை வீடு தேடி வந்து சொல்லவேண்டும் என்பது முறை. சொல்லாத கலியாணத்துக்கு நான் போகமாட்டேன். சரோவின் கணவர் குணரத்தினம் என் வாசலுக்கு வரமாட்டார். நிலைமை இதுவே.

தவமணி: "அப்ப அந்தப் பிள்ளை தாய்மாமன் இல்லாமலோ தாலி கட்டுறது?"

எழுந்து போய் ஹீட்டரைத் தட்டிப் பார்த்தேன்.

04.10.94, செவ்வாய்.

வெயில், ஆனால் சூடில்லை. மெற்றோபொலிற்றன் லைன் ட்ரெயின் தாமதம்.

குடும்பப் பிணக்கின் காரணத்தையும் ஒழுங்காகப் பதிகிறேன். அப்பாவின் கடைசி நான்கு வருடங்கள் சரோ வீட்டில். அவர் இறந்ததும் தமிழ்ப் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் கொடுத்தவர் குணரத்தினம். அதில் 'சரோஜினிதேவி, தில்லைநாதன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்' என்று வந்தது. மூத்தவன் நான். ஒரே மகன் நான். கொள்ளி வைத்தவன் நான் (இந்த ஊரில் ஒரு பொத்தானை அமுக்குவதுதான், ஆனாலும் கொள்ளி கொள்ளியே). என் பெயர் இரண்டாவது. அடியில் 'தகவல்: மருமகன்.'

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்து சாப்பாட்டுக்கு இருக்கும்போது அதைக் கேட்டேன். அவர், கையில் சாம்பார் வாளியோடு: "ஆரின்ரை வீட்டிலை இருந்தவரோ, அவையின்ரை பேர்தான் முன்னுக்கு வரும், மச்சான்." எனக்கு இலை போட்டாயிற்று. சோறும் விழுந்தாயிற்று. எழுந்து வந்துவிட்டேன்.

செத்தவீட்டுச் சோற்றை விட்டெழுந்தவன் தானாகத் திரும்பி வரவேண்டும் என்பது அவர் பக்கத்து முறை. பெயரைப் பின்னுக்குத் தள்ளியவர் தேடி வரவேண்டும் என்பது என் பக்கத்து முறை. இரண்டும் முறைதான். சிக்கலே அதில்தான்.

கடைவாய்ப்பல் வலி. கராம்பு.

05.10.94, புதன்.

மழை. பெட்டிகள் இரண்டும் ஒரே காலையில் வந்து இறங்கின. திறவாமல் ஒரு முழு நாள் அறைச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். குளிரில் வந்த மரமும் சாயமும் திடீரென்று இளகக் கூடாது. வைத்தோம்.

வியன்னாவிலிருந்து வந்தவர் ஓர் அம்மையார். உயரம், நரைத்த குட்டை மயிர், கழுத்தில் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி. இஸ்தான்புல்லிலிருந்து வந்தவர் பெரியவர்; மூன்று துண்டு சூட், மிகவும் மரியாதை. இருவரும் ஒருவரையொருவர் அறிவார்கள். ஆனால் ஒருவரைப் பற்றி ஒருவர் என்னிடம் மட்டும் பேசுகிறார்கள்.

வி. அம்மையார்: "எங்களுடைய பெட்டியை முதலில் திறப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்."

இ. பெரியவர் (தேநீர் கலக்கியபடி): "அம்மையாருக்கு அவசரம். போரையும் அவர்கள்தான் வென்றதாக எழுதியிருக்கிறார்கள். பெட்டியையாவது நாங்கள் முதலில் திறக்கலாமே."

பிறகு சுவர். நுழையும்போது வலப்பக்கச் சுவர் யாருக்கு? இருவருக்கும் வலம் வேண்டும். மேலதிகாரி வழக்கம்போல, "தில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சாப்பிடப் போய்விட்டார்.

பெட்டி திறக்கும் கீத் காதில் சொன்னான்: "இவர்களை ஒரு பெட்டிக்குள் போட்டு ஆணி அடித்தால் என்ன?"

06.10.94, வியாழன்.

மழை விட்டது. மனத்துக்கு நல்ல நாள்.

விடை கண்காட்சியிலேயே இருந்தது. அக்காலத்தில் இரு தூதரும் எல்லையில் ஒருவருக்காக ஒருவர் மாற்றிக்கொள்ளப்பட்டார்கள். எல்லையில் ஒரு கம்பம். இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. இருவரும் ஒரே கணத்தில் குதிரையிலிருந்து இறங்க வேண்டும். ஒரே வேகத்தில் நடுவுக்கு நடக்க வேண்டும். முதலில் இறங்குபவன் தாழ்ந்தவனாவான். ஆகவே ஒருவரும் முதல் இல்லை, ஒருவரும் இரண்டாவது இல்லை. என்ன அழகான ஏற்பாடு!

(ஒரு தூதரின் பரிவாரம், மற்றவர் கால் மண்ணில் படும்வரை தங்களவரை அந்தரத்தில் தாங்கிப் பிடித்திருந்தது என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடைக்கவில்லை. சுவர்ப்பலகையில் சேர்க்கக்கூடாது என்று குறித்துவிட்டேன்.)

அப்படியே செய்தேன். இரண்டு பெட்டி, இரண்டு குழு, இரண்டு திருகாணி முடுக்கி. நான் நடுவில் நின்று கையைக் காட்ட ஒரே நேரத்தில் முதல் ஆணி. ஒரே நேரத்தில் இரண்டாவது. மூடிகள் ஒன்றாக எழுந்தன. இ. பெரியவர் கைதட்டினார். வி. அம்மையார் சிரிக்கவில்லை, ஆனால் தலையசைத்தார். சுவருக்கும் அதே தீர்வு: வலமும் இல்லை, இடமும் இல்லை, படங்கள் நேருக்கு நேர்.

வரும் வழியில் ட்ரெயினில் தோன்றியது. இது அலுவலகத்தில் மட்டுமா செல்லும்?

இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதியவை:

1. இடம் இரு வீட்டுக்கும் பொது, ஏறக்குறைய நடு. பிள்ளையார் கோயில். நவராத்திரி நடக்கிறது, ஞாயிறு மத்தியானப் பூசை.
2. இரு காரும் பூசைக்கு முன்பே வந்து நிற்கும்.
3. இருவரும் ஒரே கணத்தில் இறங்குதல்.
4. சரோ தட்டத்தோடு கோயிற்படியில். குணரத்தினம் கலியாண அழைப்புக் காட்டை எடுத்து இரு கையாலும் தருதல். நான் இரு கையாலும் பெறுதல்.
5. பூசை. பின் அன்னதானத்தில் ஒரே வரிசையில் அமர்ந்து சாப்பிடுதல். (விட்டெழுந்த இலைக்கு ஈடு.)

தவமணி தோளுக்கு மேலால் வாசித்தாள்: "இஞ்சருங்கோ, நீங்கள் கலியாணக் காட் வாங்கப் போறியளோ, சண்டை நிற்பாட்ட ஒப்பந்தம் எழுதிறியளோ?"

இரண்டும் ஒன்றுதான் என்றேன். இரவே அவளைக் கொண்டு அதைத் தொலைபேசியில் சரோவுக்கு வாசிப்பித்தேன்.

07.10.94, வெள்ளி.

மூடுபனி. படங்களின் நிலை அறிக்கை முடிந்தது. வியன்னாப் படத்தில் பழைய கீறல் ஒன்று, இஸ்தான்புல் படத்தின் சட்டத்தில் ஒரு வெடிப்பு. இருவரும் மற்றவரின் குறையை என் தோளுக்கு மேலால் பார்த்துத் திருப்தியடைந்தார்கள்.

மாலை சரோ தொலைபேசி எடுத்தாள். என்னைத்தான் கேட்டாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தக் குரல் என் காதுக்கு நேரே.

"அண்ணை, அவர் ஓமெண்டிட்டார்."

"நல்லது."

"ஆனா ரெண்டு திருத்தம் சொல்லுறார்."

"சொல்லு."

"காட்டை ஒரு கையாலை குடுக்கிறதோ ரெண்டு கையாலையோ எண்டு நீங்கள் எழுதித் தரத் தேவையில்லையாம். தனக்கும் தாய் தகப்பன் பழக்கித்தான் விட்டவையாம்."

"சரி. அந்த வரியை எடுக்கலாம். மற்றது?"

"றோட்டிலை கோயில் பக்கக் கரையிலை தான் கார் விடுவாராம். நீங்கள் எதிர்க்கரையிலை."

"அது ஏலாது. அப்ப நான் றோட்டைக் கடந்து அவரிட்டை வாற மாதிரி ஆகும்."

"அப்ப அவர் எதிர்க்கரையிலை விட்டா?"

"அதுக்கு அவர் ஒத்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை."

 அவர்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணை, நான் என்ன ரெண்டு பேருக்கும் நடுவிலை டெலிபோன் கம்பியோ? அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மணவறையிலை என்ரை பக்கத்திலை நிக்க இந்த ஊரிலை எனக்கு நீங்கள் ஒராள்தான்."

"அதுக்காகத்தானே இவ்வளவும் செய்யிறன்."

முடிவு: இரு காரும் கோயில் கரையிலேயே. வாசலுக்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றது, முகத்துக்கு முகம். குணரத்தினமும் சம்மதம். அறிவுடைய மனிதர்தான், வேண்டுமென்றால்.

08.10.94, சனி.

காற்று. தலைமயிர் வெட்டினேன். கறுப்புச் சப்பாத்துக்குப் பொலிஷ். ஆரணிக்குக் கொடுக்க என்ன வாங்குவது என்று தவமணியோடு ஹரோ முழுவதும் நடந்து, ஒன்றும் வாங்காமல் வெங்காயத்தோடு திரும்பினோம்.

தவமணி: "ஆறு வரியமா உங்கடை தங்கச்சியைப் பாக்கேல்லை. கண்டவுடனை என்ன கதைப்பியள்?"

அதைப் பற்றி யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏற்பாட்டில் அதற்கு இலக்கம் இல்லை.

09.10.94, ஞாயிறு.

தூறல், விடாமல்.

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

நாங்கள் வந்தபோது அவர்களுடைய சிவப்புக் கார் எங்களுக்கு எதிர்முகமாக ஏற்கனவே நின்றது. நான் வாசலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். இரு காரின் முகமும் ஒன்றையொன்று பார்த்தன. அப்போதுதான் பிழை தெரிந்தது. எதிர்முகமாக நிறுத்தினால் ஒருவரின் சாரதிக் கதவு நடைபாதைப் பக்கம். மற்றவருடையது றோட்டுப் பக்கம். நடைபாதை அவருக்கு. றோட்டு எனக்கு. அவர் இறங்கினால் படி. நான் இறங்கினால் கார் முழுவதையும் சுற்றி வரவேண்டும். ஒன்றாக இறங்கினாலும் நான் நடந்து அவரிடம் போகிறவனாகவே தெரிவேன். ஒரே வழி: அவர் ஒரு கணம் முந்தி இறங்க வேண்டும்.

சரோ இறங்கினாள். நீலக் கோட்டுக்குக் கீழே சேலை. முன்பக்கம் மயிர் நரைத்திருக்கிறது. கையில் தட்டம், வெற்றிலை, பாக்கு, குங்குமம், காட் எல்லாம் மழைக்குப் பொலித்தீன் போட்டு மூடி. படியில் ஏறி நடுவில் நின்றாள். திட்டத்தில் எழுதியிருந்த இடத்தில் சரியாக.

குணரத்தினத்தின் கதவு திறந்தது. என் கதவைத் திறந்தேன். ஒரு மண்ணிறச் சப்பாத்து அங்கே வெளியே வந்தது. என் வலக்காலை வெளியே நீட்டினேன். ஊன்றவில்லை. அவரும் ஊன்றவில்லை.

அப்படியே இருந்தோம்.

பொலிஷ் போட்ட சப்பாத்தில் மழை உருண்டது. ஒரு சைக்கிள்காரன் என் கதவில் மோதப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனான். சரோ அந்தப் பக்கம் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். உள்ளே பூசைக்கு மணி அடித்தது.

"எனக்குக் கை உளையுது" என்றாள். உரக்கச் சொல்லவில்லை. இரு கதவும் திறந்திருந்தபடியால் இருவருக்கும் கேட்டிருக்கும்.

அவர் இறங்குவார் என்று காத்திருந்தேன். அவரும் அதையே எண்ணியிருப்பார்.

சரோ திரும்பி உள்ளே போய்விட்டாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது கையில் தட்டம் இல்லை. அவர்களுடைய காரையும் பார்க்கவில்லை, எங்களுடையதையும் பார்க்கவில்லை. பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.

தவமணி தன் பக்கக் கதவைத் திறந்தாள். "ரெண்டு ஆம்பிளையள், நாலு கால். ஒண்டுக்கும் நிலம் எட்டேல்லை." இறங்கி, ஓடிப்போய்ச் சரோவின் கையைப் பிடித்தாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே கணத்தில் கதவைச் சாத்தினோம். அந்த ஒன்று மட்டும் ஏற்பாட்டின்படி நடந்தது.

அவர் கார் போன பின் உள்ளே சென்றேன். தட்டம் பிள்ளையாருக்கு முன்னால். காட்டின் மூலைகளில் மஞ்சள். உறையில் சரோவின் எழுத்து: 'அண்ணா, அண்ணி.' ஐயர் விளக்குத் திரியைத் தட்டிக்கொண்டு, "அந்த அம்மா வைச்சிட்டுப் போட்டா. உங்களுக்கோ? எடுங்கோவன்" என்றார்.

எனக்குத்தான். ஆனால் எனக்கு யாரும் தரவில்லை. தராததை எப்படி எடுப்பது? விட்டு வந்தேன்.

அன்னதானத்துக்கும் நிற்கவில்லை. தவமணி வீட்டுக்கு வரவில்லை. டூட்டிங்கில் நிற்கிறாளாம், ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

10.10.94, திங்கள்.

வானம் வெளித்திருக்கிறது. ஹீட்டர் முற்றாக நின்றுவிட்டது.

படங்கள் ஏறின. ஒரே உயரம், நேருக்கு நேர். அளவுகோலால் நானே பார்த்தேன். இரு தூதரும் வெறும் அறையைத் தாண்டி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சரியாக இருக்கிறது. நிற்கப் பிடிக்கவில்லை, வெளியே வந்தேன்.

பத்து மணிக்குப் பின் மேசைக்கு ஒரு தொலைபேசி. மருமகள் ஆரணி, அவள் வேலை செய்யும் விமான நிலையத்திலிருந்து. ஷிப்ட் இடைவேளையாம், பின்னால் விமான அறிவிப்பு. குரல் வளர்ந்துவிட்டது. முதலில் யாரென்று தெரியவில்லை.

"மாமா, அம்மா இஸ் நொட் டோக்கிங் டு அப்பா. ஷி ஹாஸன்ட் ஈட்டன், ஒண்டும் சாப்பிடேல்லை."

"பிள்ளை, இது பெரியாக்களின்ரை விசயம்..."

"மாமா, இட்ஸ் மை வெடிங். யுவர்ஸும் இல்லை, அப்பாவின்ரையும் இல்லை. ஆர் யூ கமிங் ஓர் நொட்?"

வருவேன் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. வைத்துவிட்டாள்.

பிற்பகல். கடைசிச் சுற்று. வி. அம்மையாருக்கு ஒரு முறைப்பாடு. பெட்டியைப் பற்றியோ சுவரைப் பற்றியோ அல்ல.

"எல்லைக் கம்பத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய அறை?" என்றார். "அங்கே அவர்கள் நின்றது கொஞ்ச நேரம். அதற்குப் பிறகு மாதக்கணக்கான பயணம் இருக்கிறதே. அதைப் போய் ஒரு நடைகூடத்தில் அடைத்திருக்கிறீர்கள்."

இ. பெரியவர்: "முதல் தடவையாக அம்மையாரோடு ஒத்துப்போகிறேன். எழுதி வையுங்கள்."

அவர்கள் போன பின் நடைகூடத்தில் தனியே நின்றேன். பொருட்களின் இலக்கமெல்லாம் எனக்கு மனப்பாடம். பொருட்களைப் பார்த்தேனோ தெரியாது. செப்புக் கிடாரம் ஒன்று. கோப்பிக் கிண்ணங்கள். கூடாரத் துணி. பலகையில் நான் திருத்திய வாசகம்: எல்லையைத் தாண்டிய நாளிலிருந்து தூதருக்கும் அவர் பரிவாரத்துக்கும் சோறு போடுவது எதிர்த்தரப்பு அரசின் பொறுப்பு.

திரும்ப வாசித்தேன்.

கம்பத்தடியில் சமமாக நின்றது தூது அல்ல. அது தூதின் வாசற்படி. ஒருவரும் அங்கேயே நின்று திரும்பி வரவில்லை. மாற்றிக்கொண்ட பிறகு ஒவ்வொருவரும் மற்றவரின் நாட்டுக்குள் போனார்கள். நேற்றுவரை தங்கள் ஆட்களை வெட்டியவர்களின் நடுவே, அவர்கள் மூட்டிய அடுப்பில், அவர்கள் கிடாரத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டு போனார்கள். அதுதான் சமாதானம். அதை எழுத்துப்பிழை பார்த்து நடைகூடத்தில் வைத்தவன் நான்.

மேலதிகாரியிடம் நாளைக்கு விடுப்புக் கேட்டேன். "உடம்புக்கு என்ன?" என்றார். ஒன்றுமில்லை, ஓர் அலுவல் பிரயாணம் என்றேன்.

மாலை தவமணியின் தொலைபேசி. "இஞ்சருங்கோ, நான் இண்டைக்கும் வரேல்லை. பிறிட்ஜிலை பருப்பு கிடக்கு, சூடாக்குங்கோ."

"சரோ சாப்பிட்டாளோ?"

"இப்பதான் கொஞ்சம் கஞ்சி குடிச்சவ. அவர்தான் காச்சினவர்."

"ஆர்? குணரத்தினமோ?"

"வேறை ஆர்? நல்லாத்தான் காச்சிறார். மாமாவுக்கு, உங்கடை அப்பாவுக்கு, காச்சிப் பழகின கையாம். சரோ வேலைக்குப் போற நாளெல்லாம் அவர்தானாம் கடைசியிலை மாமாவுக்குக் கஞ்சி தீத்தி விட்டவர். மாமா வேறை ஆரின்ரை கையாலையும் வாங்க மாட்டாராம்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கேக்கிறியளோ?"

"ஓம்."

"உங்களைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. நாங்கள் இஞ்சை நாலு பேர். அவர் ஐஞ்சு சாப்பாட்டுக் கோப்பை கழுவி மேசையிலை வைச்சார். ஆருக்கெண்டு கேட்டன். கை தவறி எடுத்திட்டன் எண்டிட்டு, திருப்பி அலுமாரிக்குள்ளை வைச்சிட்டார்."

அப்பா என் வீட்டுக்கு வந்தால் பாதிச் சாப்பாட்டில் கோப்பையைத் தள்ளிவிடுவார். வயசு என்று நினைத்தேன்.

பருப்பைச் சூடாக்கவில்லை. ஹீட்டரும் இல்லை. கோட்டோடு இருந்து இதை எழுதுகிறேன்.

நாளை செவ்வாய். நல்ல காரியத்துக்குப் புறப்படும் நாளல்ல என்பார்கள். பரவாயில்லை. காரில் போகமாட்டேன், காருக்குக் கதவு உண்டு. மெற்றோபொலிற்றன் லைனில் போய், நோர்தன் லைனுக்கு மாறி, நதிக்கு அடியால் டூட்டிங் போவேன். காட்டைப் பற்றிக் கேட்கமாட்டேன். பத்திரிகை அறிவித்தலைப் பற்றியும் கேட்கமாட்டேன். மணியை நானே அடிப்பேன். கதவைத் திறப்பவர் யாராக இருந்தாலும் நானே முதலில் பேசுவேன். என்ன பேசுவது என்பதை இங்கு எழுதி வைக்கமாட்டேன்.

காலையில் ஒன்றும் சாப்பிடமாட்டேன். பசியோடு போவேன்.